ஒரு வாய்த் தண்ணீர் எப்போது கொடுக்கலாம்? குரல்வளை அறுவைக்குப் பிறகு வாய்வழி உணவு

பெரியப்பாவின் குரல்வளையை எடுத்த மூன்றாம் நாள் அவர் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்தோம். பேச்சு போய்விட்டது, இனிச் சொல்ல வேண்டியதை எழுதித்தான் காட்ட வேண்டும். வலியைப் பற்றி எழுதுவார் என்று காத்திருந்தோம். ‘காபி எப்போ?’ என்று எழுதினார்.

பெரியம்மா அந்தச் சிலேட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனார். “டாக்டரைக் கேளுங்கம்மா” என்றார் சிஸ்டர். டாக்டர், “ரெண்டு வாரம் போகட்டும்மா, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். பக்கத்துக் கட்டில்காரரோ அறுவை முடிந்த மறுநாளே இட்லியைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தொண்டையில் புற்றுநோய்தான். “இவருக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டினி?” என்று பெரியம்மா அன்று இரவெல்லாம் அழுதார். உட்கார்ந்து பதில் சொல்ல அப்போது எங்களுக்கு யாரும் இல்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இன்று அதே மாதிரி ஒரு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாள் குறிக்க வேண்டியவர் அறுவை செய்த டாக்டர்தான். அவர் ஏன் அந்த நாளைச் சொல்கிறார் என்று புரிந்தால் காத்திருப்பது கொஞ்சமாவது சுலபமாகும்.

முதலில் அந்தப் பக்கத்துக் கட்டில் விஷயம். தொண்டைப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது பல இடத்து நோய். அடிநாக்கு, டான்சில், குரல்வளை, அதற்குப் பின்னால் உணவுக்குழாய் தொடங்கும் கீழ்த்தொண்டை, எல்லாமே ‘தொண்டை’தான். அவருக்குக் குரல் நாணில் சின்னக் கட்டி. வாய் வழியாகவே லேசரால் எடுத்துவிட்டார்கள். கழுத்தை அறுக்கவில்லை, உள்ளே தையலும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். பெரியப்பாவுக்கு எடுத்தது முழுக் குரல்வளை. அதுவும் முன்பே கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து, நோய் திரும்பி வந்த பிறகு.

ஆகவே ‘எத்தனை நாள்?’ என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. உள்ளே போட்ட தையல், உணவும் எச்சிலும் பட்டால் கசியுமா? விழுங்குவது மூச்சுப் பாதைக்குள் இறங்குமா? டாக்டர் சொல்லும் நாள் இந்த இரண்டுக்குமான பதிலிலிருந்துதான் வருகிறது.

வாசலில் ஒரு காவல்

வாயில் போடும் சோறும் மூக்கில் இழுக்கும் காற்றும் தொண்டையில் ஒரே கூடத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் வாசலில் இருப்பது குரல்வளை. பேசுவதற்காகத்தான் அது இருக்கிறது என்று நினைக்கிறோம். அதைவிட மூத்த வேலை அதற்கு உண்டு, காவல் வேலை. நாம் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அது மேலே எழும்பி வாசலை மூடிக்கொள்கிறது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும். மூடுவது ஒரு கணம் பிந்தினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவோம். வழி தவறியதை இருமி வெளியே தள்ளும் பலம் இருப்பதால் நமக்கு அது அந்தத் தட்டலோடு முடிந்துபோகிறது.

அந்தக் காவலையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? புற்றுநோய்க்காக முழுக் குரல்வளையை முதன்முதலில் எடுத்தவர் வியன்னாவில் தியோடர் பில்ரோத், 1873இல். அந்தக் காலத்தில் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பலர், எச்சிலும் சீழும் நுரையீரலுக்குள் இறங்கி இறந்தார்கள். பிறகு பெர்லினில் தெமிஸ்டோக்ளெஸ் க்ளுக் போன்றவர்கள் மூச்சுக்குழாயை உணவுப் பாதையிலிருந்து முழுக்கப் பிரித்து, அதன் முனையைக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் அடிப்படை அதுதான். முழுக் குரல்வளையை எடுத்தவர் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. அவருக்குப் புரையேறாது. இரண்டாவது கேள்வி அவருக்கு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. முதல் கேள்வி பாக்கி இருக்கிறது, அதுதான் அவரைக் காத்திருக்க வைக்கிறது.

தையலுக்கு உள்ளே நடப்பது

குரல்வளையை எடுத்ததும் உணவுப் பாதையின் முன்சுவர் திறந்து கிடக்கும். மீதமுள்ள விளிம்புகளை இழுத்துச் சேர்த்து மறுபடியும் ஒரு குழாயாகத் தைக்கிறார்கள். நேர்கோடாகவும் தைக்கலாம், ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்திலும் தைக்கலாம். டி வடிவத்தில் மூன்று கோடுகள் சந்திக்கும் புள்ளிதான் பலவீனமான இடம். தைப்பதற்குச் சதை போதாவிட்டால் மார்புத் தசையையோ, முன்கையிலோ தொடையிலோ இருந்து தோலும் சதையுமாகவோ கொண்டுவந்து ஒட்டுப் போடுவார்கள்.

முதல் நாலைந்து நாள் அந்த விளிம்புகளைப் பிடித்து வைத்திருப்பது நூல் மட்டுமே. அதற்குப் பிறகுதான் உடம்பு புதிய நார்களை நெய்து இரு பக்கத்தையும் கட்டத் தொடங்குகிறது. எங்காவது ஒரு கண்ணி விட்டுப்போனால், விழுங்கும் எச்சில் அந்த வழியாகக் கழுத்துச் சதைக்குள் கசியும். எச்சிலில் கிருமிகளும் உண்டு, செரிமானப் பொருள்களும் உண்டு. அது தேங்கிய இடம் பழுத்து, கடைசியில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இதைத்தான் டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்கிறார்கள். தொண்டையிலிருந்து கழுத்துத் தோல் வரை எச்சில் ஒழுகும் ஒரு பாதை அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டிவிடும். அந்த நாள்களில் டாக்டர் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இது எங்கோ ஒருவருக்கு வருவதல்ல. கரண்டு வைக்காதவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கும், முன்பே கரண்டு வைத்தவர்களில் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கும் வருகிறது. கதிர்வீச்சு பட்ட சதையில் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போயிருக்கும், சதையே இறுகியிருக்கும். ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? பெரியப்பாவுக்கு டாக்டர் இரண்டு வாரம் சொன்னதற்குக் காரணம் இது. அன்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால்கூடப் பெரியம்மா ஒரு இரவாவது தூங்கியிருப்பார்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, ரத்தசோகை, அறுவைக்கு முன்பே இளைத்துப் போயிருப்பது, தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது ஆகியவையும் புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். இந்த அறுவையில் தைராய்டில் ஒரு பகுதியை எடுக்க நேரிடுவதும் உண்டு. அதனால் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கசிவு வந்தாலும் பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும். வாய்வழி உணவை நிறுத்தி, குழாய் வழியாக ஊட்டி, தினமும் கட்டுப் போட்டுப் பல வாரம் பொறுத்திருக்க வேண்டும். பெரிய கசிவுக்கு இன்னொரு அறுவை தேவைப்படலாம். இதில் ரகசியமான இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு கரண்டு வைக்க வேண்டியவர்களுக்கு அதை 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் டாக்டர்களின் கணக்கு. ஒழுகும் கழுத்தில் கரண்டு வைக்க முடியாது. ஒரு வாய்க் காபி அவசரம் புற்றுநோய் வைத்தியத்தையே பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும்.

அப்படியானால் எத்தனை நாள்? கரண்டு வைக்காதவருக்கு முழுக் குரல்வளையை எடுத்தால் 7 முதல் 10 நாள் என்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். முன்பே கரண்டு வைத்தவருக்கும், ஒட்டுப் போட்டவருக்கும் 10 முதல் 14 நாள், சிலருக்கு அதற்கு மேலும். ஆனால் இந்த வழக்கத்தையே கேள்வி கேட்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். சாப்பிடாமல் இருந்தாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது, அதை நோயாளி விழுங்கத்தானே செய்கிறார், அதைத் தாங்கும் தையல் சுத்தமான தண்ணீரைத் தாங்காதா என்பது அவர்கள் வாதம். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு முதல் வாரத்திலேயே வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கசிவு கூடவில்லை என்று வந்திருக்கிறது. அதனால் இப்போது சில இடங்களில் இரண்டாம் மூன்றாம் நாளே தண்ணீர் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தேர்ந்தெடுத்த’ என்ற சொல்லை விட்டுவிடாமல் படியுங்கள். கரண்டு படாத சதை, இழுப்பில்லாத தையல், நல்ல உடம்பு உள்ளவர்கள் அவர்கள். உள்ளே தைத்த கைக்குத்தான் அந்தத் தையலின் நிலை தெரியும். வேறு ஊரில் மூன்றாம் நாள் கொடுத்தார்களாமே என்று நாம் கொடுத்துப் பார்க்கிற விஷயம் இதுவல்ல.

காத்திருக்கும் நாள்களில்

வாய்வழி இல்லை என்றால் பட்டினி என்று அர்த்தமில்லை. பெரியம்மா அழுததும் இந்தக் குழப்பத்தில்தான். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபை அறுவையின்போதே போட்டுவிடுவார்கள். 24 மணி நேரத்துக்குள்ளேயே அதில் உணவு தொடங்கிவிடுவது நல்லது என்பது இன்றைய வழிமுறை. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 1500 முதல் 1800 கலோரியும், 72 முதல் 90 கிராம் புரதமும். வெறும் கஞ்சித் தண்ணீரால் இந்தப் புரதம் சேரவே சேராது. பால், வேகவைத்து அரைத்த பருப்பு, வெந்த முட்டை வெள்ளைக்கரு, டயட்டீஷியன் எழுதித் தரும் புரத மாவு எல்லாம் கலந்து, நன்றாக அரைத்து, வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பல வாரம் சரியாகச் சாப்பிடாமல் வந்தவருக்கு முதல் நாளிலேயே முழு அளவும் கொடுக்க மாட்டார்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு இறங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் போன்றவை ஆபத்தாகக் குறைந்துவிடும்.

ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இதை எல்லாரும் சொல்லித் தருவார்கள். யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. குழாய் தூக்கத்தில் உருவிக்கொண்டு வந்துவிட்டால் நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், விவரம் தெரியாத ஒருவர் தள்ளவும் விடாதீர்கள். குழாயின் முனை புதுத் தையலைக் கிழித்துக்கொண்டு போய்விடும். அறுவை செய்த குழுவுக்குத்தான் உடனே சொல்ல வேண்டும்.

எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னால் பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள். சாப்பிடாத வாய்தானே என்று பல் துலக்காமல் விடக் கூடாது, சாப்பிடாத வாயில்தான் கிருமி அதிகம் சேரும். உதட்டை நனைக்கலாமா, வாய் கொப்பளித்துத் துப்பலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். தாகத்துக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பெரியப்பாவின் காபி ஆசைக்கு டியூப் வழியாகவே வழி பிறந்தது. டயட்டீஷியனைக் கேட்டு, வெதுவெதுப்பாக ஆற்றி, டிகாக்‌ஷன் குறைவாகப் போட்டு ஊற்றினோம். நாக்கில் சுவை இல்லை. ஆனாலும், ‘வயித்துல சூடு எறங்குது, போதும்’ என்று எழுதிக் காட்டினார்.

இந்த நாள்களில் கண் வைத்திருக்க வேண்டியது கழுத்தின் மேல்தான். தோல் சிவப்பது, வீங்குவது, தொட்டால் சுடுவது, காய்ச்சல், புண்ணில் ஊறும் நீரை வெளியேற்றக் கழுத்தில் வைத்திருக்கும் டிரெயின் குழாயில் வரும் நீர் கலங்கலாகவோ நாற்றத்தோடோ மாறுவது எல்லாம் கசிவின் முன்னறிவிப்புகள். டிரெயினில் பால்போல வெள்ளையாக வந்தால் அது வேறு விஷயம். கழுத்து நெறிக்கட்டிகளை எடுத்தபோது நிணநீர்க் குழாய் ஒன்று கசிகிறது என்று பொருள், அதற்குக் கொழுப்பில்லாத உணவுக்கு மாற்றுவார்கள். கழுத்தில் செக்கச்செவேலென்று ரத்தம் கொஞ்சம் தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பெரிய ரத்தக் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் மிடறு

குறித்த நாள் நெருங்கியதும் சோதிப்பார்கள். சில இடங்களில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை விழுங்கச் சொல்லி, டிரெயினிலோ தோலிலோ நீலம் வருகிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் எக்ஸ்ரே கருவியின் முன் நிறுத்தி, படத்தில் தெரியும் மருந்தை விழுங்கச் சொல்லி, அது தையலுக்கு வெளியே ஒதுங்குகிறதா என்று கவனிப்பார்கள். எல்லா டாக்டர்களும் எக்ஸ்ரே எடுப்பதில்லை, கழுத்தும் காய்ச்சலும் சரியாக இருந்தால் நேரடியாகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பெரியப்பாவுக்கு எக்ஸ்ரேயில் கசிவில்லை என்று தெரிந்ததும், பேசவும் விழுங்கவும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அதற்குள் பெரியம்மா ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டார், தெரபிஸ்ட் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

முதல் ஓரிரு நாள் நீராகாரம் மட்டும். வடித்த கஞ்சி, இளநீர், மோர், பால், காரமும் புளிப்பும் இல்லாத ரசம். கழுத்து அமைதியாக இருந்தால் அடுத்து கேழ்வரகுக் கூழ், ரவைக் கஞ்சி. அதற்கடுத்து பருப்போடு குழைத்த சாதம், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம். தோசை, சப்பாத்தி, கறி எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு, பல வாரம் கழித்துத்தான். மீன் என்றால் முள்ளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

முதல் மிடறு இறங்கிய அன்றே டியூபை எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மூக்கில் தொங்கும் அந்தக் குழாயைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் தேவையான அளவு முழுவதும் வாய் வழியாக இறங்கும் வரை அது இருக்கட்டும். எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தால் சொல்லுங்கள்.

சாப்பிடத் தொடங்கியதும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில மாற்றங்கள் வரும். கழுத்து வழியாக மூச்சு விடுபவரால் சூடான காபியை வாயால் ஊதி ஆற்ற முடியாது, உறிஞ்சிக் குடிப்பதும் கஷ்டம். டபராவில் நன்றாக ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். மூக்கில் காற்று ஓடாததால் வாசனை போய்விடும், வாசனை போனால் ருசியில் பாதி போய்விடும். ‘எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு’ என்று எழுதினால் சமைத்தவர் மனம் நோக வேண்டாம். உதட்டை மூடியபடியே கொட்டாவி விடுவதுபோலத் தாடையை இறக்கிக் காற்றை மூக்கில் இழுக்க ஒரு பயிற்சி உண்டு. ஸ்பீச் தெரபிஸ்டைக் கேட்டால் கற்றுத் தருவார், பெரியப்பாவுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. சாப்பிட்ட உடனே குனிந்தால் உணவு திரும்பி வாய்க்கு வரும். செருப்பு மாட்டுவதைக்கூடக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

குரல்வளையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்கள்

இங்கே கணக்கு தலைகீழ். இவர்களுக்கும் கொஞ்ச நாள் கழுத்தில் மூச்சுத் துளை இருக்கும். வெளியிலிருந்து பார்க்க இருவரும் ஒன்றுபோலத் தெரிவதால் வார்டில் ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. இவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் இடையே பாதை இன்னும் திறந்திருக்கிறது, காவலோ பாதிதான் மிச்சம். தையலைவிடப் புரையேறுவதுதான் பெரிய பயம்.

முழுக் குரல்வளையை எடுத்தவருக்குத் தண்ணீர் சுலபம், கெட்டி உணவு சிரமம். பகுதி எடுத்தவருக்குத் தண்ணீர்தான் மிகவும் கஷ்டம். அது வேகமாக ஓடி, வாசல் மூடுவதற்குள் உள்ளே புகுந்துவிடும். அதனால் கூழ்போலக் கெட்டியானதில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். ‘தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது’ என்ற நினைப்பு இவர்கள் விஷயத்தில் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, சத்தமே இல்லாமலும் புரையேறும். இருமல் வரவில்லை என்பதால் சரியாக விழுங்கினார் என்று சொல்லிவிட முடியாது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டோ, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தோதான் அதைக் கண்டுபிடிக்க முடியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, உடனே இருமி, மறுபடி விழுங்கும் முறையையும், மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கும் முறையையும் சொல்லித் தருவார்கள். எல்லா முறையும் எல்லாருக்கும் பொருந்தாது. இது நாள்களில் முடியாது, வாரங்களும் மாதங்களும் ஆகலாம். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று ஒலித்தாலோ, சளியும் காய்ச்சலும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உணவை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும்.

முழுக் குரல்வளையை எடுத்தவருக்கும் புரையேறுவதுபோல ஒன்று வர ஒரு வழி இருக்கிறது. பேச்சுக்காக மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சின்ன வால்வு வைத்திருந்தால், அது தேய்ந்த பிறகு குடிப்பது அதன் வழியே கசியும். டீ குடித்ததும் இருமல் வந்து, கழுத்துத் துளையில் டீ நிறத்தில் ஈரம் தெரிந்தால் வால்வை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எல்லாம் சரியாகி வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு, சில மாதம் கழித்து உணவு நெஞ்சுக்கு மேலேயே நிற்பதுபோலத் தோன்றலாம். நேற்று வரை இறங்கிய இட்லி இன்று இறங்காது, இரண்டு வாய்க்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். வயதானால் அப்படித்தான் என்று கஞ்சிக்கு மாறிவிடாதீர்கள். தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம், கரண்டு வைத்தவர்களுக்கு இது அதிகம். எண்டாஸ்கோபி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட முடியும். நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு முறை அப்படி விரித்தார்கள். இரண்டாம் முறை முடிந்து வந்த மறுநாள் காலை சிலேட்டில் ‘தோசை’ என்று எழுதினார். ஓரத்து முறுகலை எடுத்துவிட்டு, நடுப்பகுதியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தார் பெரியம்மா.